பன்னிரண்டு மணி நேர இருட்டு

நொங்ஹாய்
அக்டோபர் 11, ஞாயிறு இரவு

அன்புள்ள தோங் அண்ணாவுக்கு,

ரின் கும்பிட்டு எழுதுகிறேன். உன் இருமல் விட்டதா? அங்கே பசியாற ஏதாவது கொடுக்கிறார்களா? இங்கே நானும் அம்மாவும் நாயும் நன்றாக இருக்கிறோம்.

நோய் பரவுவதால் கைதிகளை நேரில் பார்க்க முடியாது, கடிதம் மட்டும் போடலாம் என்று வானொலியில் சொன்னார்கள். அதனால் எழுதுகிறேன். அம்மாவுக்குத் தெரியாது. தெரியவும் கூடாது. ஆற்றங்கரை ஊரை விட்டு இங்கே வந்து இரண்டு வருடம் ஆகிறது. இந்த ஊரைப் பொறுத்தவரை நீ ராயோங்கில் டயர் தொழிற்சாலையில் வேலை செய்கிறாய். போன மாதம் அம்மா உனக்குச் சம்பள உயர்வுகூடக் கொடுத்துவிட்டாள்.

பதிலைக் கம்சிங் மாமா பெயருக்குப் போடு. அப்பாவின் சிநேகிதர் என்பதால் அவர் ஒருவருக்குத்தான் உண்மை தெரியும். அவர் வீடு எங்கள் குடிலுக்குப் பின்னால் இருக்கிறது. "தபால்காரன்கிட்ட வாங்கி வாத்துக் கூண்டுல சொருகி வைக்கிறேன். உங்கம்மா கேட்டா நான் செவிடு, ஆமா" என்றார்.

நான் இப்போது அந்தக் குடிலுக்குள்தான் உட்கார்ந்திருக்கிறேன். அம்மா உட்பட ஏழு வீட்டுப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து மருத்துவமனைக்காக இதற்குள் ஒரு செடி வளர்க்கிறார்கள். பெயரை எழுதினால் உன் அதிகாரிகள் தாளைக் கிழித்துவிடுவார்களோ என்று பயம். நீ எதற்காக உள்ளே இருக்கிறாயோ, அதே செடி. இப்போது உரிமத்தோடு வளர்க்கலாம். அம்மாதான் குழுத் தலைவி. வீட்டில் யார்மீதாவது வழக்கு இருந்தால் குழுவில் சேர முடியாது. அது குழு போட்ட விதி. அதனால்தான் டயர் தொழிற்சாலை.

ஞாயிறும் புதனும் எங்கள் காவல் முறை. அம்மா வாசலில் மூங்கில் கொட்டகையில் படுத்துக்கொள்வாள். அவள் குறட்டை கேட்டதும் நான் உள்ளே வந்து தண்ணீர்ப் பீப்பாய்க்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வேன். கேமரா அங்கே பார்க்காது. வீட்டில் அம்மாவின் பக்கத்தில் படுக்கிறேன், அங்கே எழுத முடியாது. பள்ளியில் பக்கத்தில் இருப்பவளின் அம்மாவும் குழுவில் இருக்கிறாள்.

நெற்றியில், நீ தவளை பிடிக்கப் போகும்போது கட்டிக்கொள்ளும் விளக்கைக் கட்டியிருக்கிறேன். இன்னும் நன்றாக எரிகிறது.

ஆவி பறக்கும் சோறு உனக்குக் கிடைக்கட்டும்.
உன் தங்கை ரின்

---

அக்டோபர் 23

அன்புத் தங்கை ரின்னுக்கு,

நலமாக இருக்கிறேன். இருமல் போய்விட்டது. எங்களுக்குப் பதினைந்து வரித் தாள்தான் கொடுப்பார்கள், அதனால் குறைவாக எழுதினால் கோபிக்காதே.

கடிதங்களைப் படிக்கும் அதிகாரி ஓய்வுபெறும் வயதுக்காரர். உன் கடிதத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, "கஞ்சான்னே எழுதச் சொல்லுப்பா. அரசாங்கமே அப்படித்தான் எழுதுது. செடி செடின்னா எந்தச் செடின்னு நான் எப்படிக் கண்டுபிடிக்க?" என்றார். ஊருக்குப் போய்த் தானும் வளர்க்க வேண்டுமாம்.

எனக்கும் ஆசைதான். அதற்காகப் பிடிபட்டேனே தவிர, அது நின்று வளர்ந்து நான் பார்த்ததில்லை. வண்டியில் தர்பூசணிக்கு அடியில் செங்கல் மாதிரி அழுத்திக் கட்டியதைத்தான் பார்த்தேன். இலை எப்படி இருக்கும்? எவ்வளவு உயரம்? எல்லாம் எழுது.

சோப்பும் பொரித்த மீனும் வந்தன. அனுப்புபவர் என்ற இடத்தில் "வீடு" என்று மட்டும் எழுதியிருந்தது. நீயா? உனக்கு எப்படி முடிந்தது?

நாயை என் பெயர் சொல்லித் தடவு.
தோங்

---

நொங்ஹாய்
நவம்பர் 1, ஞாயிறு இரவு

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ நலம் என்று படித்ததும் வாத்துக் கூண்டின் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன். வாத்துகள் என்னைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தன. இங்கே எல்லோருக்கும் சுகம். நேற்று பௌர்ணமித் திருவிழாவுக்குக் குளத்தில் வாழைமட்டைத் தெப்பம் விட்டோம். என் தெப்பம் கவிழவில்லை.

சோப்பு நான் அனுப்பவில்லையே.

இனிமேல் கஞ்சா என்றே எழுதுகிறேன். அதிகாரி ஐயாவுக்கும் கும்பிடு சொல்.

எங்கள் செடி கலப்பினம். தாய் பூபான் மலையில் விளையும் அணில்வால். பூங்கொத்து அணிலின் வாலைப் போலவே நீண்டு சிலிர்த்திருக்கும். அது மூங்கில் மாதிரி ஒல்லியாகக் கூரையை முட்டும், இலை விரல்கள் மெலிந்திருக்கும், பூத்து முடிய நான்கு மாதம் எடுத்துக்கொள்ளும். தகப்பன் எங்கோ பனி பெய்யும் மலைநாட்டுக் குட்டைச் செடி. இலை அகலம், பச்சை கறுப்படிக்கும், இரண்டே மாதத்தில் முற்றிவிடும். விவசாயக் கல்லூரியில் பிரீச்சா வாத்தியார் இரண்டையும் சேர்த்து இதை உண்டாக்கியிருக்கிறார். இது என் தோள் உயரம். கிளைகள் பக்கவாட்டில் விரிகின்றன. இலை தாய்க்கும் தகப்பனுக்கும் நடுவில். சீக்கிரம் முற்றும், மருந்து கூடுதலாக இருக்கும் என்கிறார். ஆனால் பூ கெட்டியாக இருப்பதால் பனி இறங்கினால் உள்ளே பூஞ்சை பிடித்துவிடுமாம்.

கல்லூரி இன்னும் பெயர் வைக்கவில்லை. குழுவில் இருக்கும் பிக்குன் அத்தை வைத்துவிட்டாள். செடியின் பெயர் பட்டணத்து மருமகள். "தண்ணி கூடினாலும் மூஞ்சியத் தூக்குறா, குறைஞ்சாலும் தூக்குறா. நம்ம அணில்வால் பாறையில போட்டாலும் சிரிச்சுக்கிட்டு நிப்பா. இவளுக்கு விசிறி வீசணும்!"

செப்டம்பரில் நூறு செடிகள் இருந்தன. ஒரு நாள் எல்லோரும் குனிந்து கணுக்களைப் பார்த்தார்கள். வெள்ளை மயிர் இரண்டு நீட்டிக்கொண்டிருந்தால் பெண். சிறு உருண்டை தொங்கினால் ஆண். ஆணின் மகரந்தம் பட்டால் பெண்பூவில் விதை பிடித்துவிடும், மருந்து குறைந்துவிடும், மருத்துவமனை வாங்காது. அதனால் ஆண்களைப் பிடுங்கி, எண்ணி, சாட்சி வைத்து எரித்தார்கள். "இப்படி ஊருக்குள்ளயும் ஒரு தடவை செஞ்சுட்டா நிம்மதியா இருக்கும்டி" என்றாள் பிக்குன் அத்தை. அம்மாகூடச் சிரித்தாள். இப்போது ஐம்பது பெண்கள் நிற்கிறார்கள், ஒவ்வொன்றுக்கும் கழுத்தில் எண். பீப்பாய்க்குப் பக்கத்தில் ஒன்பதாம் எண். எழுதும்போது அதன் இலை என் காதில் படும்.

"ராத்திரி உள்ள போகாத" என்று அம்மா சொல்லியிருக்கிறாள். திருடனுக்குப் பயந்து சொல்கிறாள் போலிருக்கிறது. நானே திருடன் மாதிரிதான் வந்து போகிறேன்.

அம்மா இருமுகிறாள். விளக்கை அணைக்கிறேன்.

நீ நன்றாகத் தூங்கு.
ரின்

---

நவம்பர் 13

அன்புள்ள ரின்னுக்கு,

சுகமே இருக்கிறேன். உன் படிப்பு கெடாமல் பார்த்துக்கொள்.

உன் கடிதத்தை இந்த அறையில் முப்பது பேரும் கேட்டார்கள். மருமகள் என்றதும் ஒரே சிரிப்பு. அதிகாரி இரண்டு நாள் வைத்திருந்துதான் கொடுத்தார். "ஒன்பதாம் நம்பர் பூத்துச்சான்னு கேளு" என்கிறார். பூ என்ன நிறம், என்ன வாசம், மருந்து எந்த இடத்தில் இருக்கிறது என்றெல்லாம் நானும் கேட்கிறேன். விளக்கைக் கிட்டே பிடித்து நன்றாகப் பார். உன் கண் எங்கள் கண்.

எனக்கு இங்கே தோட்ட வேலை கொடுத்திருக்கிறார்கள். மதிலோரம் சாமந்தி நட்டிருக்கிறோம்.

அந்தப் பழைய தையல் மிஷின் இன்னும் ஓடுகிறதா? சத்தம் போடுகிறதா?

தோங்

---

நொங்ஹாய்
நவம்பர் 22, ஞாயிறு இரவு

அன்புள்ள அண்ணாவுக்கும், கேட்டுக்கொண்டிருக்கும் முப்பது பேருக்கும், அதிகாரி ஐயாவுக்கும்,

எல்லோரும் சுகமா? நாங்கள் சுகம். குளிர் வந்துவிட்டது, இரண்டு சட்டை போட்டிருக்கிறேன். தையல் மிஷின் ஓடுகிறது. அம்மா மிதிக்கும்போது வீடே அதிர்கிறது. அம்மாவின் முட்டிவலி போன மாதத்தைவிடப் பரவாயில்லை. நீ கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன்.

ஒன்பதாம் எண் பூத்துவிட்டது. நீ சொன்னபடி விளக்கைக் கிட்டே பிடித்து, சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். பூ என்றால் இதழ் இல்லை. வெள்ளை மயிர்கள் கொத்துக் கொத்தாக, நனைந்த பூனைக்குட்டியின் முதுகு மாதிரி இருக்கிறது. சில மயிர்கள் நுனியில் துருப்பிடித்தது போலச் சிவக்கின்றன. சிறிய இலைகளின்மேல் சர்க்கரை தூவியது போல மினுங்குகிறது. அறிவியல் வகுப்பின் உருப்பெருக்கியைக் கொண்டுவந்து பார்த்தேன். ஒவ்வொன்றும் ஒரு காம்பும் அதன்மேல் ஒரு பனித்துளியும். மருந்து அந்தத் துளியில்தான் இருக்கிறதாம். தொட்டால் விரல் ஒட்டுகிறது, மாங்காய்த் தோல் வாசம் அடிக்கிறது. அது தாயுடையது. அதற்குப் பின்னால் மண்ணெண்ணெய் மாதிரி ஒன்று வருகிறது. அது தகப்பனுடையதாக இருக்கும்.

ஒன்பதை மட்டும் பார்த்தால் போதுமா என்று பக்கத்தில் இருப்பவற்றையும் பார்த்தேன். ஏழு முதல் பதினான்கு வரை ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் வரைந்திருக்கிறேன். ஒரே தகப்பன், ஒரே தாய், ஆனாலும் ஒன்றுபோல் ஒன்று இல்லை. பன்னிரண்டு அப்படியே தாய். எட்டு குள்ளக் குண்டு.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. ஐம்பதும் ஒரே வாரத்தில் பூத்தன. யார் சொன்னது அவற்றுக்கு? மழை நின்றதாலா, குளிராலா? கம்சிங் மாமாவிடம் கேட்டேன். "என் பிள்ளையும் அதே வாரம்தான் பூத்துச்சு" என்றார். அவர் வாத்துக் கூண்டுக்குப் பின்னால் ஒற்றை அணில்வால் வைத்திருக்கிறார், மாட்டுக்கறிச் சாற்றில் இரண்டு இலை போட. உரிமம் கிடையாது. ஐயா, இந்த வரியை மட்டும் நீங்கள் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போன புதன் மாட்டிக்கொண்டிருப்பேன். அம்மா எழுந்து கதவு வரை வந்தாள். விளக்கை அணைத்துவிட்டுப் பீப்பாயோடு ஒட்டிக்கொண்டேன். கொஞ்ச நேரம் நின்றாள். ஏனோ உள்ளே வரவில்லை.

குளிருக்குப் போர்வை இருக்கிறதா என்று எழுது.
ரின்

---

டிசம்பர் 4

அன்புள்ள ரின்னுக்கு,

போர்வை இருக்கிறது. குளிரும் இருக்கிறது. உடம்புக்கு ஒன்றுமில்லை.

உன் கேள்வியை இங்கே எல்லோரிடமும் கேட்டேன். குளிர் என்றார்கள் பாதிப்பேர். அதிகாரி நிலவு என்கிறார். எனக்கு வேறு ஒன்று தோன்றியது. மதிலோரம் நட்ட சாமந்தி எல்லாம் மொட்டுவிட்டுப் பூத்துவிட்டது. காவல் கோபுர விளக்குக்கு நேர்கீழே இருக்கும் ஒரு பாத்தி மட்டும் பூக்கவில்லை. அதே மண், அதே தண்ணீர், நான்தான் ஊற்றுகிறேன். இலை மட்டும் விட்டுக்கொண்டு பைத்தியம் மாதிரி நிற்கிறது. இரவு முழுக்க அந்த விளக்கு அதன் தலையில் எரிகிறது. பாவம், அதற்கு ராத்திரி ஆனதே தெரியவில்லை.

எங்கள் அறையிலும் விளக்கை அணைக்க மாட்டார்கள், அது விதி. வந்த புதிதில் மிகவும் கஷ்டமாக இருந்தது. இப்போது பழகிவிட்டது, கவலைப்படாதே.

பன்னிரண்டாம் எண்ணின் படத்தை அனுப்பு.
தோங்

---

நொங்ஹாய்
டிசம்பர் 13, ஞாயிறு இரவு

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும். நான் சுகமாக இல்லை.

இதைக் குடிலில் எழுதவில்லை. அம்மாவைக் கொட்டகையில் விட்டுவிட்டு, வயிற்றுவலி என்று வீட்டுக்கு வந்து, குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப்போட்டு மெழுகுவத்தியில் எழுதுகிறேன்.

போன வாரம் பிக்குன் அத்தை ஒரு பூவைப் பிரித்துப் பார்த்தாள். உள்ளே விதை. அப்புறம் எல்லோரும் பிரித்துப் பார்த்தார்கள். பீப்பாய்ப் பக்கம் பிரித்த இடமெல்லாம் விதை. ஐம்பதும் பெண்ணாக இருக்கும்போது மகரந்தம் எங்கிருந்து வந்தது? பிக்குன் அத்தை வேலி வழியாக எட்டிப் பார்த்து வாத்துக் கூண்டுக்குப் பின்னால் இருந்த செடியைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"இந்தா நிக்கிறாரு மாப்பிள்ளை! நாம இங்க ஐம்பது பொண்ணுங்களுக்குக் கன்னிக் காவல் காக்கிறோம், அந்தக் கிழவன் வேலிக்கு அந்தப்பக்கம் ஆம்பளையை வளர்த்துச் சாறு வச்சுக் குடிக்கிறான்!"

கம்சிங் மாமாவை வாசலில் வைத்துக் கத்தினார்கள். அவர் வாத்துக்குத் தவிடு பிசைந்துகொண்டே, "என்ன சொல்றீங்க? காது கேக்கலை" என்றார். அம்மா திரும்பிக் குடிலுக்குள் போய்விட்டாள். 21ஆம் தேதி திங்கட்கிழமை கோயில் மண்டபத்தில் கூட்டம். ஏழு பேரும் கையெழுத்துப் போட்டுப் போலீசில் கொடுப்பதாக இருக்கிறது. உரிமம் இல்லாத செடி என்பதால் அவரைக் கொண்டுபோய்விடுவார்கள். உன்னைக் கொண்டுபோனதைப் போல.

அண்ணா, அன்றைக்குத்தான் உன் கடிதத்தை அந்தக் கூண்டிலிருந்து எடுத்தேன். சாமந்தியைப் பற்றிப் படித்தேன். முதலில் சிரித்தேன். அப்புறம் உன் விளக்கு நினைவுக்கு வந்தது.

பகலிலேயே பீப்பாய்ப் பக்கம் போய்ப் பார்த்தேன். ஒன்பதாம் எண்ணின் வெள்ளை மயிருக்கு நடுவே சின்னச் சின்ன மஞ்சள் சீப்பு. எறும்புக்கென்றே வாழைச்சீப்பு பழுத்த மாதிரி. தட்டினால் விரலில் மஞ்சள் பொடி. செப்டம்பரில் பிடுங்கிய ஆண்களிடம் இருந்த அதே பொடி. பெண் செடியே ஆண்பூவும் விட்டிருக்கிறது. வரைபடம் போட்டு எண்ணினேன். ஏழு முதல் பதினான்கு வரை எல்லாவற்றிலும் மஞ்சள். தள்ளிப் போகப்போக விதை குறைகிறது. கம்சிங் மாமா வீட்டுப் பக்கம் இருக்கும் நாற்பதுக்கு மேற்பட்ட எண்களில் விதையே இல்லை. மகரந்தம் அவரிடமிருந்து வந்திருந்தால் அந்தப் பக்கம்தானே முதலில் கெட்டிருக்க வேண்டும்?

நான் உட்கார்ந்த இடத்தைச் சுற்றித்தான் கெட்டிருக்கிறது. உன் விளக்கு எட்டிய தூரம் வரை.

குழுப் பயிற்சித் தாளை அம்மாவின் பையிலிருந்து எடுத்துப் படித்தேன். மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. பூக்கும் காலத்தில் ஆறு முதல் ஆறு வரை, பன்னிரண்டு மணி நேரம் முழு இருட்டு. நடுவில் வெளிச்சம் பட்டால் கலப்பினம் குழம்பி இரண்டு பூவும் விடும். தலைமுறை தலைமுறையாக இங்கே இருக்கும் அணில்வால் பொறுத்துக்கொள்ளும், இது பொறுக்காது. அதற்காகத்தான் அம்மா உள்ளே போகாதே என்றிருக்கிறாள். காரணத்தைச் சொல்லியிருக்கலாம். நானும் கேட்டிருக்கலாம். உலகத்தில் எல்லாவற்றையும் கேட்டேன், இதை மட்டும் கேட்கவில்லை.

நான் சொன்னால், ராத்திரி உள்ளே என்ன செய்தாய் என்பார்கள். கடிதம் எழுதினேன் என்றால், யாருக்கு என்பார்கள். அதோடு டயர் தொழிற்சாலை போய்விடும், அம்மாவின் குழுவும் போய்விடும். சொல்லாவிட்டால் கம்சிங் மாமா போய்விடுவார். அவர் வாயைத் திறந்து "இந்தப் பொண்ணுக்கு நான்தான் கடிதம் வாங்கித் தர்றேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்ல மாட்டேன் என்கிறார். நேற்று நான் அழுததற்கு, "வாத்து முட்டை வேணுமா?" என்றுதான் கேட்டார்.

உன் பதில் வருவதற்குள் திங்கட்கிழமை போய்விடும் என்று தெரியும். இருந்தாலும் கேட்கிறேன். நான் என்ன செய்ய?

ரின்

---

டிசம்பர் 22

ரின்னுக்கு,

உன் கடிதம் நேற்று சாயங்காலம்தான் கைக்கு வந்தது. அதிகாரி இன்று விடியற்காலையில் தாள் கொடுத்தார். அவரே கொண்டுவந்தார்.

சொல்லாதே. உனக்குப் பதின்மூன்று வயது, நீ செடியைப் பார்த்தாய், அவ்வளவுதான். மாமா பெரியவர், ஏதாவது செய்து தப்பித்துக்கொள்வார். உள்ளதைச் சொன்னால் என்ன கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். ஒப்புக்கொண்டால் தண்டனையைப் பாதி குறைப்போம் என்றார்கள். ஒப்புக்கொண்டேன். நான் இருப்பது அந்தப் பாதியில்தான். வண்டியில் என்னோடு வந்தவன் வாயே திறக்கவில்லை, அவன் வீட்டில் இருக்கிறான்.

பார்க்கச் சொன்னது நான். விளக்கைக் கிட்டே பிடி என்று எழுதியதும் நான். விளக்கும் என்னுடையது. யாராவது கேட்டால் என் பெயரைச் சொல். எனக்கு இனிமேல் என்ன ஆகப்போகிறது?

அம்மாவை

(இதற்கு மேல் வரி இல்லை.)
தோங்

---

நொங்ஹாய்
டிசம்பர் 23, புதன் பகல்

அன்புள்ள அண்ணாவுக்கு,

ரின் கும்பிட்டு எழுதுகிறேன். சமையலறை மேசையில், சன்னலைத் திறந்துவைத்து எழுதுகிறேன்.

திங்கட்கிழமை பள்ளிச் சீருடையிலேயே மண்டபத்துக்குப் போனேன். எல்லோரும் பாயில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். மனு எழுதி முடித்துப் பேனா கைமாறிக்கொண்டிருந்தது. கம்சிங் மாமா தூணோரம் ஒரு சாக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேனா அம்மாவிடம் வந்தபோது நான் போய் உன் விளக்கை நடுவில் வைத்தேன். சத்தம் வராது என்று பயந்தேன். வந்தது.

"மாமா செடி இல்லை. வெளிச்சம் பட்டுக் கெட்டது. வெளிச்சம் நான்தான் வச்சேன்."

"ரின், வீட்டுக்குப் போ" என்றாள் அம்மா.

வரைபடத்தை விரித்தேன். கெட்ட எண்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினேன். பிக்குன் அத்தை குனிந்து பார்த்தாள். "ராத்திரி உள்ள உனக்கென்னடி வேலை?"

"எழுதினேன்."

"வீட்டுப்பாடமா?"

"கடிதம்."

"யாருக்குடி? எவன் அவன்?"

யாரோ சிரித்தார்கள்.  அப்போது அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "அவ அண்ணனுக்கு. என் மகன் ராயோங்ல இல்லை. மூணு வருஷமா சிறையில இருக்கான். கஞ்சா வழக்கு."

அண்ணா, நான் சொல்லவில்லை. அம்மாதான் சொன்னாள். யாருக்குக் கடிதம் என்று அவளுக்கு எப்படித் தெரியும் என்று நான் இன்னும் கேட்கவில்லை. இந்த முறை கேட்பேன்.

 பிக்குன் அத்தைதான் கடைசியில், "அப்போ அந்தச் சம்பள உயர்வு?" என்றாள்.

"அதுவும் இல்லை."

"நான் என் தங்கச்சி பொண்ணை அவனுக்குப் பேசலாம்னு இருந்தேன், தெரியுமா!" என்று அத்தை கத்தினாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

அப்போதுதான் கம்சிங் மாமாவுக்குக் காது கேட்கத் தொடங்கியது. சாக்கைக் கவிழ்த்தார். அவருடைய அணில்வால் வேரோடு விழுந்தது. "ஆம்பளை ஆம்பளைங்கிறீங்களே, எவளாவது கிட்ட வந்து பார்த்தீங்களா? இது பொம்பளை. இதுலயும் விதை. உங்க குடில்ல இருந்து பொடி எவளோ சட்டையில ஒட்டி வந்து என் பிள்ளையைக் கெடுத்திருக்கு. நானில்ல உங்க மேல மனு கொடுக்கணும்?"

பெண்கள் பிரித்துப் பார்த்தார்கள். பெண்தான். அத்தனை பேரும் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றே தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள். மனுவைப் பிக்குன் அத்தை நான்காக மடித்து வெற்றிலைப் பெட்டிக்கு அடியில் வைத்துக்கொண்டாள். செடி இருந்த இடத்தில் இப்போது வாத்துகள் படுத்திருக்கின்றன.

இன்று காலை பிரீச்சா வாத்தியார் வந்தார். பத்தொன்பது செடிகளை எரிக்கச் சொன்னார். மீதி முப்பத்தொன்றை மருத்துவமனை வாங்கும். அவர் என்னைத் திட்டவில்லை. எத்தனை இரவு, எவ்வளவு நேரம், எவ்வளவு தூரத்தில் விளக்கு என்று கேட்டுக்கேட்டு எழுதிக்கொண்டார். என் படங்களைக் கேட்டார். பிரதி எடுத்துத் தருவதாகச் சொன்னேன். பன்னிரண்டாம் எண் உனக்கு, இத்துடன் இருக்கிறது.

ஒன்பதாம் எண்ணை எரிக்கும்போது மாங்காய்த் தோல் வாசம்தான் முதலில் வந்தது.

அம்மா இப்போது தலைவியும் இல்லை, குழுவிலும் இல்லை. விதி விதிதான் என்று அவளே பதிவேட்டை எடுத்துக் கொடுத்துவிட்டாள். என்னோடு இரண்டு நாளாகப் பேசவில்லை. ஆனால் நேற்று ராத்திரி தூங்குவதற்கு முன் ஒன்றே ஒன்று கேட்டாள். "அவன் தூங்குறானாமா?" சாமந்தியைப் பற்றியும், உங்கள் அறை விளக்கைப் பற்றியும் சொன்னேன். திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

உன் பதில் இன்னும் வரவில்லை. என்ன எழுதியிருப்பாய் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

ரின்

---

நொங்ஹாய்
ஜனவரி 10

மகன் தோங்குக்கு,

அம்மா எழுதுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள். எனக்கு முட்டிவலி மட்டும்தான்.

எனக்கு ரின்னைப்போல எழுத வராது. "சொல்லாதே" என்று நீ எழுதிய கடிதம் புத்தாண்டு கழிந்து வந்தது. அவள் படித்துவிட்டு என்னிடம் கொடுத்தாள். "அம்மாவை" என்று நிறுத்தியிருக்கிறாய். மீதியை நீ வரும்போது சொல்லிக்கொள்ளலாம்.

நவம்பரில் ஒருநாள் குடில் கதவு வரை போனேன். உள்ளே இருட்டு. ஆனால் ஒருத்தி மூச்சுவிடும் சத்தம் கேட்டது. உன் கடிதத்தை ரின்னின் பையில் நான் முன்பே பார்த்திருந்தேன். அன்று உள்ளே போய் அவளை இழுத்து வந்திருந்தால் பத்தொன்பது செடி பிழைத்திருக்கும். அவளும் உனக்கு எழுதுவதை நிறுத்தியிருப்பாள். அதனால் போகவில்லை. இது குழுவில் யாருக்கும் தெரியாது. நீயும் உன் அதிகாரியும் மட்டும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

பிக்குன் இப்போது தலைவி. நான் கூலிக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன், சாக்குப்பை தைக்கிறேன். அடுத்த பயிருக்குக் குடிலைச் சுற்றிக் கறுப்புத் துணி கட்டச் சொன்னார்கள், இரண்டு அடுக்கு. தைத்தது நான். ஒரு முழம் மிஞ்சியது. அதை மடித்து, ஓரம் அடித்து, இரண்டு பக்கமும் நாடா வைத்திருக்கிறேன். இரவில் கண்ணில் கட்டிக்கொள். குத்தாது, உள்பக்கம் உன் பழைய சட்டைத் துணி. உள்ளே விடுவார்களா என்று அந்த ஐயாவிடம் கேள். நான் கேட்டதாகச் சொல்.

சோப்பு தீர்ந்திருக்கும். முதல் திங்கட்கிழமை சந்தைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் இத்தனை நாளும் அங்கே வந்தேன். இந்த முறை ரின்னையும் கூட்டி வருகிறேன். பொருள் வாங்கும் சன்னலில் அனுப்புபவர் பெயர் கேட்டால் என் பெயரையே சொல்கிறேன்.

சாப்பிடு.
அம்மா

---

ஜனவரி 22

அம்மாவுக்கும் ரின்னுக்கும்,

உங்கள் இருவரின் உடல்நலத்தை வேண்டிக்கொள்கிறேன்.

துணி மூன்று நாள் அலுவலகத்தில் இருந்தது. கைதி முகத்தை மறைக்கலாமா என்று யாரோ ஆட்சேபம் சொன்னார்களாம். நம் அதிகாரி, "கண் நோய்க்கு வீட்டு மருந்து" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஒன்பதாம் எண் போனதில் அவருக்கு மிகவும் வருத்தம். பக்கத்துப் பாயில் இருப்பவன், எனக்கும் ஒன்று தைத்துத் தர உன் அம்மாவிடம் கேள் என்கிறான்.

சோப்பு நீதான் என்று போன வருடமே தெரியும் அம்மா. பொட்டலத்தின் நாடா முடிச்சைப் பார்த்தால் தெரியாதா?

பதினைந்து வரியில் இன்னும் ஐந்து மிச்சம் இருக்கிறது. எழுத ஒன்றும் இல்லை. நேற்று கட்டிக்கொண்டு படுத்தேன். விடியற்காலை மணி அடித்தது எனக்குக் கேட்கவே இல்லை, உலுக்கி எழுப்பினார்கள்.

தோங்